டிரைவரை வென்ற குதிரை

அந்தக் குதிரை தலையை முழுதாகத் தூக்கினால் அதன் காதுகள் கொட்டகையின் ஓலையில் உரசும். உரசும் சத்தம் மாடியில் என் அறைவரை கேட்கும். கேட்டதும் மேசையில் கிடக்கும் கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வருவேன். கீழே, கவிழ்த்துப் போட்ட பெட்ரோல் டின்னின் மேல், காக்கிச் சட்டையும் தொப்பியுமாக டாக்டர் வீட்டு டிரைவர் நின்றுகொண்டிருப்பார். வலது கையில் கடிவாளம், இடது கையில் ஒரு துண்டு கருப்பட்டி. குதிரை கருப்பட்டியைப் பார்க்கும். கடிவாளத்தைப் பார்க்கும். பிறகு பல்லை இறுகக் கடித்துக்கொண்டு ஓலையைப் பார்க்கும். நான் நேரம் குறித்துக்கொள்வேன். ஆறு ஐந்து. கடிவாளம் ஏறும்போது ஆறு நாற்பதாகியிருக்கும். சில நாள் ஏழு. ஒரு நாள் ஏழே முக்கால். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நிமிஷக் கணக்கு அத்தனையும் சரியாக இருக்கிறது. அந்தக் கணக்கால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் ஏற்படவில்லை என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

யுத்த காலம். கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம். பெட்ரோலுக்குக் கூப்பன் வந்து, பிறகு கூப்பன் இருந்தாலும் பெட்ரோல் இல்லை என்று ஆகி, தூத்துக்குடியில் கார் வைத்திருந்த சில வீடுகளிலும் கார்கள் செங்கல் மேல் ஏறி நின்றன. டாக்டர் வீட்டுக் காரையும் சக்கரங்களைக் கழற்றி, நான்கு மூலையிலும் செங்கல் அடுக்கி நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். நான் ஒரு சென்னைத் தினசரியின் உள்ளூர் நிருபர். டாக்டர் வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். டாக்டர் காலையில் கடற்கரைப் பக்கத்துத் தெருக்களுக்குப் போய்ப் பிரசவமான பெண்களையும் காய்ச்சலில் கிடக்கும் தோணிக்காரர்களையும் பார்த்துவிட்டு எட்டரைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். நடந்து போய் முடியாது. கொழும்புப் பந்தய மைதானத்தை விமானம் இறக்க எடுத்துக்கொண்டார்கள், குதிரைகளை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்று துறைமுகத்தில் பேச்சு அடிபட்டது. டாக்டர் தோணிக்குச் சொல்லி அனுப்பினார். குதிரை வந்தது, அதன் தோல்வார்களும் கடிவாளமும் ஒரு சாக்கில் கூடவே வந்தன. எங்கோ கிடந்த ஒரு பழைய சாரட்டும் வந்தது. ஓட்ட ஆள் வேண்டுமே என்றபோது, இருக்கிற டிரைவர் சும்மாதானே இருக்கிறார் என்று டாக்டர் சொன்னார். கார் ஓட்டியவருக்குக் குதிரை ஓட்ட வருமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் டிரைவர் வராது என்று சொல்லியிருக்க மாட்டார்.

அவரை வீட்டில் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். நாற்பத்தைந்து வயதிருக்கும். பனங்காட்டு ஊரிலிருந்து சிறு வயதில் தூத்துக்குடிக்கு வந்து, பஞ்சாலை லாரியில் கிளீனராகத் தொடங்கி, கார் டிரைவராக உயர்ந்தவர். வலது கைக் கட்டைவிரல் வளைந்திருக்கும். எப்போதோ ஸ்டார்ட் செய்யும் கம்பி திருப்பி அடித்ததில் எலும்பு முறிந்து கோணலாகக் கூடிய விரல். அந்த விரலைக் காட்டித்தான் பட்டாளத்து லாரிப் பிரிவில் அவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். கொட்டகையை ஒட்டிய ஒரு அறையில் அவரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். வேலை போனால் அந்த அறையும் போகும். ஊரில் ஓடுகிற கார் வேறு இல்லை.

குதிரையைப் பற்றி அவர் காரைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவார். வேண்டுமென்று பேசியதல்ல, வேறு பாஷை அவரிடம் இல்லை. “ஸ்டார்ட் ஆயிட்டுதுன்னா பெறவு ஒரு கொறையும் கெடையாது சார். டாப் கியர்ல போற மாதிரிப் போவும். ஸ்டார்ட்டிங்தான் டிரபிள்” என்பார். அது உண்மை. கடிவாளம் ஏறியபின் முதல் தெரு முடியும்வரை வாயில் நுரை தள்ளித் தலையை உதறிக்கொண்டே போகும். இரண்டாவது தெருவில் அடங்கிவிடும். அதன் பிறகு ஒரு குழந்தையைக்கூட உட்காரவைத்து ஓட்டலாம்.

காலை ஆறு மணிக்குக் கொட்டகைக்கு முன்னால் கூட்டம் சேர ஆரம்பித்தது. ஸ்டேஷன் ஜட்காக்காரர்கள் வந்து யோசனை சொன்னார்கள். மூக்கைப் பொத்தினால் வாயைத் திறக்கும் என்றான் ஒருவன். பொத்தினார், டின்னோடு கீழே விழுந்தார். காதைத் திருகு என்றான் இன்னொருவன். திருகினார். அன்றைக்கு மட்டும் கடிவாளம் உடனே ஏறியது. மறுநாளிலிருந்து வாயோடு சேர்த்துக் காதையும் குதிரை காத்துக்கொள்ளத் தொடங்கியது. கண்ணைக் கட்டிப் பார்த்தார். கடிவாளத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். அப்போதும் அவர் கொட்டகை வாசலை எட்டுவதற்குள் குதிரை தலையைத் தூக்கிவிடும். பார்க்காமலே அதற்குத் தெரிந்துவிடுகிறதே என்று நான் நோட்டில் எழுதியிருக்கிறேன். எழுதினேனே தவிர, எப்படித் தெரிகிறது என்று யோசிக்கவில்லை.

ஒரு நாள் குதிரையைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்த தோணியின் தண்டல், அதாவது தோணியை நடத்துகிற தலைவர், கழுத்தில் ஜெபமாலையோடு அந்தப் பக்கம் வந்தவர் நின்று பார்த்தார்.

“இதுவா வே மொரண்டு பண்ணுது? தோணியில அலை அடிக்கும்போது நான்தான் இதுக்கு வாயில கயித்தப் போட்டுப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். பச்சப்புள்ள மாதிரி வாயத் தொறந்துச்சே.”

“அப்ப இங்கன வந்து மாட்டும் வே” என்று கடிவாளத்தை நீட்டினார் டிரைவர்.

“நம்ம வேலை பாய்மரம் மாட்டுதது. குதிரை மாட்டுததுக்கு ஒமக்குத்தானே தொப்பி குடுத்திருக்காவ?”

கூட்டம் சிரித்தது. டிரைவர் தொப்பியைக் கழற்றித் தூசியைத் தட்டிவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார். நானும் மேலே சிரித்தேன். கயிற்றுக்கு வாயைத் திறந்த குதிரை இரும்புக்கு ஏன் திறக்கவில்லை என்று கேட்டிருக்க வேண்டிய இடம் அது. கேள்வி கேட்பதற்குச் சம்பளம் வாங்கியவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான்.

டாக்டர் கத்துகிறவர் அல்லர். ஒரு காலையில் சாரட்டுப் படியில் கால் வைத்தபடி, “இந்த மாசக் கடைசிவரை பார்க்கிறேன். அதற்குள் ஆறரைக்கு வண்டி வாசலில் நிற்காவிட்டால் ஸ்டேஷனிலிருந்து ஒரு ஜட்காக்காரனை வைத்துக்கொள்வேன். பிள்ளை பெற்றவள் குதிரைக்காகக் காத்திருக்க முடியாது” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அன்று மாலை டிரைவரின் மனைவி கொட்டகை வாசலில் நின்று பேசியது எனக்குக் கேட்டது.

“ஏங்க, தெரியலைன்னு சொல்லிருங்களேன். தோட்ட வேலையாவது குடுப்பாவ.”

“ஏளா, சும்மா இரி. நாப்பது குதிரை சக்தி வண்டிய ஓட்டுனவன். ஒத்தக் குதிரைக்குத் தெரியலைன்னு சொல்லச் சொல்லுதியா?”

அதைச் சொல்லும்போதும் அவர் கை வேலையை நிறுத்தவில்லை. தினமும் மாலை ஐந்து மணிக்கு மேல் அவர் கொட்டகை வாசலில் உட்கார்ந்து கடிவாளத்தைத் துலக்குவார். எங்கள் ஊர்க் காற்றில் இரவு முழுக்கத் தொங்கினால் எந்த இரும்பும் விடியும்போது செம்பட்டை கட்டியிருக்கும், பித்தளையில் பச்சை பூத்திருக்கும். காரின் முன்விளக்குகளை அந்தக் காற்றுக்கு விட்டுக்கொடுக்காமல் பளபளவென்று வைத்திருந்தவர் அவர். பந்தயத்தில் ஓடிய குதிரை, அழுக்கு இரும்பை எப்படி வாயில் வாங்கும் என்று அவருக்கு ஒரு எண்ணம். குதிரை மறுக்க மறுக்க அவர் இன்னும் அதிகமாகத் துலக்கினார். காலையிலும் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் டின் மேல் ஏறுவார்.

ஆகஸ்டு மாதம் வந்தது. தலைவர்கள் கைதாகி, குலசேகரன்பட்டினம் பக்கமெல்லாம் கொந்தளித்துக்கொண்டிருந்தது. நான் எழுதி அனுப்பிய ஒரு செய்தியும் அச்சாகவில்லை. தணிக்கையில் போனது பாதி, தணிக்கைக்குப் பயந்து ஆபீஸிலேயே போனது மீதி. இரண்டு வாரம் என் ஊர்ப் பெயரைப் போட்டு ஒரு வரிகூட வராத எரிச்சலில், தணிக்கையில் தப்பும் என்று நினைத்துக் குதிரையைப் பற்றி அரைப் பத்தி எழுதினேன். தெருவில் ஏற்கெனவே அதற்குச் சத்தியாகிரகி என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் “ஒத்துழையாமைக் குதிரை” என்று தலைப்புக் கொடுத்தேன். வாயைத் திறக்க மறுக்கும் குதிரைதான் அதில் நாயகன். கடிவாளம் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் மின்னுவதைச் சொன்னேன், பெட்ரோல் டின்னைச் சொன்னேன், சராசரி நிமிஷம்கூடச் சொன்னேன். படிக்கிறவர்கள் வேறு எதையோ நினைத்துச் சிரிப்பார்கள் என்று கணக்குப் போட்டேன்.

அச்சில் வந்தபோது தலைப்பு மாறியிருந்தது. “டிரைவரை வென்ற குதிரை.” ஒத்துழையாமை என்ற சொல் அந்த மாதம் யாருடைய பத்திரிகையிலும் அப்படி வந்திருக்க முடியாது, அதை எடுத்த உதவி ஆசிரியரை நான் குறை சொல்ல முடியாது. எடுத்தவர் அந்த இடத்தில் ஏதாவது வைக்க வேண்டுமே. கையில் அகப்பட்டதை வைத்தார். அந்த ஒரு மாற்றத்தில் அரைப் பத்தியும் தலைகீழாகிவிட்டது. குதிரையின் துணிச்சலாக நான் எழுதிய ஒவ்வொரு வரியும் டிரைவரின் கையாலாகாத்தனமாக மாறியது. தலைப்பைத் தவிர நான் எழுதிய சொற்களில் ஒன்றுகூட மாறவில்லை என்பதுதான் இன்றுவரை எனக்குப் பொறுக்காத விஷயம்.

ஊரில் அவர் பெயர் ஒரே நாளில் கடிவாளம் ஆயிற்று. மார்க்கெட்டில், மணிக்கூண்டில், ஆஸ்பத்திரி வாசலில். “என்ன கடிவாளம், இன்னைக்கு எத்தன மணிக்கு வே ஸ்டார்ட் ஆச்சு?” டாக்டரைக் கிளப்பில் நண்பர்கள் கேலி செய்தார்கள். அவர் மாசக் கடைசிவரை பார்க்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலையில் ஸ்டேஷன் ஜட்காக்காரன் ஒருவன் வந்து நின்றான். வாயில் வெற்றிலை, தோளில் அவனுடைய சொந்தக் கடிவாளம். கொழும்புக் கடிவாளம் ஆணியில் மின்னிக்கொண்டிருந்தது. அவன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுடையது கறுத்துப்போன இரும்பு, கந்தல் சுற்றிய வார், எத்தனையோ மட்டக்குதிரைகளின் எச்சில் ஊறிக் காய்ந்தது. வார் நீளம் போதாமல் ஒரு கயிற்றை முடிந்திருந்தான். நேராகப் போனான். குதிரை குனிந்தது. வாயைத் திறந்தது. நான் கடிகாரத்தைப் பார்க்கக்கூட நேரமில்லை.

கூட்டம் கை தட்டியது. டிரைவர் தன் அறை வாசலில் தொப்பியில்லாமல் நின்றிருந்தார். மத்தியானத்துக்குள் ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு சாக்கு மூட்டைகளோடு அவரும் மனைவியும் மச்சினன் ஊரான ஸ்ரீவைகுண்டத்துக்குப் புறப்பட்டுப் போனார்கள். போகும்போது மாடிப்படியின் கீழ் நின்று, “வாரேன் சார்” என்றார். நான் ஏதோ சொல்ல இறங்குவதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து எனக்கு ஒரு கார்டு வந்தது. பாளையங்கோட்டையிலிருந்து, பட்டாளத்தில் குதிரை பராமரித்து ஓய்வுபெற்ற ஒருவர் எழுதியிருந்தார். கார்டில் பாதிகூட நிரம்பவில்லை. ‘தாங்கள் எழுதிய குதிரைச் செய்தி கண்டேன். கடிவாளம் கண்ணாடிபோல் மின்னுவதாக எழுதியிருக்கிறீர்கள். எதைப் போட்டுத் துலக்குகிறார் என்று எழுதவில்லை. விசாரிக்கவும்.’

விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. கார் விளக்குக்குப் போடும் பித்தளைப் பாலிஷ். காலையில் மண்ணெண்ணெய் நனைத்த துணி. ஒவ்வொரு நாளும் ஜன்னலிலிருந்து பார்த்தேன். வாடைகூட மேலே வரும். கொட்டகைக்குப் போய் ஆணியில் தொங்கிய கொழும்புக் கடிவாளத்தை எடுத்து, வாயில் நுழையும் இரும்பை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நாக்கின் அடிவரை ஒரு கசப்பு இறங்கி, மண்ணெண்ணெய் மூக்கில் ஏறியது. தொட்டி நீரில் மூன்று முறை வாய் கொப்பளித்தும் போகவில்லை. அந்த மிருகம் அதை ஒவ்வொரு காலையும் முதல் தெரு முடியும்வரை மென்று துப்பியிருக்கிறது. அவர் வாசலை எட்டும்போதே அதற்குத் தெரிந்ததும் இந்த வாடையால்தான்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “அப்படியானால் ஆளை மாற்றியது சரிதான். இவனுக்குப் பாலிஷ் போடுகிற பழக்கம் கிடையாது.” திரும்ப அழைக்கலாமே என்றேன். “வந்தவனை என்ன காரணம் சொல்லி அனுப்புவது?” என்று கேட்டார்.

ஸ்ரீவைகுண்டத்துக்குப் போனேன். மச்சினன் வேலை பார்த்த நெல் அரைக்கும் மில்லில் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எஞ்சினின் பித்தளைக் குழாய்கள் பளபளவென்று இருந்தன. சத்தத்துக்கு மேல் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு தடவை சொன்னேன். அவர் எஞ்சினை நிறுத்தினார்.

“பாலிஷா சார்?”

“ஆமாம் அண்ணாச்சி.”

“வாயில போற சாமானுன்னு எனக்குத் தோணவே இல்லயே” என்றார். வெகுநேரம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். “அழுக்கா போட்டிருந்தா வேல நெலச்சிருக்கும். சுத்தமா வச்சதுக்குப் போச்சு. அப்படித்தானே சார்?”

நான் தலையசைத்தேன்.

“அந்தக் காதைத் திருகினேனே, பாவம்” என்றார். பிறகு, “எனக்கு அந்த வேலை இனி வேண்டாம். ஆனா இங்கனயும் பேப்பர் வருது சார். மில்லுக்கு நெல்லு கொண்டு வாரவன் எல்லாம் கடிவாளம்னுதான் கூப்பிடுதான். நீங்க எழுதுன பேப்பர்லயே, இவன் தெரியாம பாலிஷ் போட்டுட்டான், மத்தபடி வேலைக்காரன்தான்னு ரெண்டு வரி போடுதியளா?”

போடுகிறேன் என்றேன். அன்றைக்கே எழுதி அனுப்பினேன். வரவில்லை. மறுபடி அனுப்பினேன். காகிதக் கட்டுப்பாட்டில் பத்திரிகை இளைத்துக்கொண்டிருந்த சமயம். ‘குதிரை விஷயம் முடிந்துவிட்டது. யுத்தச் செய்திக்கே இடமில்லை’ என்று ஆபீஸிலிருந்து பதில் வந்தது. மூன்றாவது முறை, சென்னைக்குப் போனபோது நேரிலேயே சொன்னேன். அந்த உதவி ஆசிரியருக்குத் தலைப்பு ஞாபகமில்லை. “நல்ல தலைப்பாகத்தான் இருக்கிறது” என்றார். பின்னாளில் நானும் சென்னைக்குப் போய் அதே மேசையில் வருஷக்கணக்காக உட்கார்ந்தேன். திருத்தம் கேட்டு வரும் கடிதங்களில் வக்கீல் கையெழுத்துப் போட்டவற்றை எடுத்துவைத்துக்கொண்டு மற்றவற்றைக் கூடையில் போட்டேன். இடமில்லை என்பது பொய்யில்லை. எப்போதும் இடம் இருந்ததில்லை.

சுதந்திரம் வந்த மறுவருஷம், சென்னைக்கு மாறுவதற்குச் சில மாதம் முன்பு, திருநெல்வேலியில் தூத்துக்குடி பஸ்ஸுக்கு நின்றேன். வந்த பஸ்ஸின் டிரைவர் அவர். மீசை நரைத்திருந்தது. காக்கிச் சட்டை, தொப்பி. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பஸ் வேலை கிடைத்து ஒரு வருஷம் ஆகிறதாம், மனைவி சுகம். ஜன்னல் வழியே குனிந்து, பக்கத்தில் யாருக்கும் கேட்காமல், “போட்டாவளா சார்?” என்றார்.

நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அது வந்த பத்திரிகையை ஆறு வருஷம் கழித்து யார் தேடப் போகிறார்கள்?

“இல்லை அண்ணாச்சி.”

“சரி, ஏறி உக்காருங்க. முன்னால எடம் இருக்கு” என்றார்.

அவருடைய பிடரிக்கு நேர் பின்னால் எனக்கு இடம் கிடைத்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, “கடிவாளம் அண்ணாச்சி, போலாம்!” என்று குரல் கொடுத்தான். அவனுக்கு இருபது வயதிருக்கும். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பஸ் கிளம்பியது. தூத்துக்குடி போய்ச் சேர்வதற்குள் பதினொரு இடங்களில் நின்றது. ஏழு இடங்களில் யாராவது ஒருவர் அவரை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், ஏழு தடவையும் அவர், “என்ன வே?” என்று திரும்பிப் பார்த்துப் பதில் சொன்னார்.